வலது கை மருக்கள்

மார்ச் 4, செவ்வாய்

மொட்டை மாடியில் நாலு ஏசி யூனிட். மூன்றாவதில் கேஸ் இல்லை, நாலாவதற்குப் போனபோது என்னிடம் மூச்சு இல்லை. கூட வேலை செய்கிற பையனுக்கு ஸ்க்ரூ என்று பெயர் வைத்திருக்கிறோம். பையன் என்றால் முப்பத்தைந்து வயசு, ரெண்டு பிள்ளைகள். எப்போதும் ஒரு திருகாணியைப் பல்லில் கடித்துக்கொண்டே வேலை பார்ப்பான். “உக்காருங்கண்ணே. நீங்க விழுந்துட்டா யூனிட்டோட சேர்த்து உங்களையும் நான்தான் இறக்கணும்” என்றான். உட்கார்ந்தேன்.

ஒற்றைச் சிறுநீரகத்தோடு ஏணி ஏறுகிறவன் என்று சொல்லிக்கொண்டால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் களைப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வயசும் தொப்பையுமாம்.

இன்னொன்று பாப்பாவிடம் இருக்கிறது, பத்து மாதமாக. மகளைப் பாப்பா என்பது வீட்டு வழக்கம். அவளுக்கு இருபது வயது. அவளுடைய இரண்டும் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப் போயின. அவள் அம்மாவுக்குச் சர்க்கரை, தானம் கொடுக்க முடியாது என்று கழித்துவிட்டார்கள். நான் தேறினேன். வாழ்க்கையில் நான் முதல் மார்க்கில் தேறிய ஒரே பரீட்சை.

அந்தச் சிறுநீரகத்தைப் பற்றிக் காலையில் வழக்கம்போல் கேட்டேன், “என்ன பாப்பா, குடித்தனக்காரர் எப்படி இருக்கார்?” அவளும் வழக்கம்போல், “நல்லா இருக்கார்ப்பா” என்றாள். டீ டம்ளரைக் கொடுக்கும்போது விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டாள். நகத்தைச் சுற்றி மரு. போன மாதம் ஒன்றிரண்டு இருந்தது, இப்போது ரெண்டு கையிலும் சொரசொரவென்று ஏறிக்கொண்டிருக்கிறது.

முதுகு வலிக்கிறது. மீதியை நாளைக்கு எழுதிக்கொள்ளலாம்.

மார்ச் 6, வியாழன்

மீதி என்ன எழுத நினைத்தேன் என்று மறந்துவிட்டது.

மார்ச் 13, வியாழன்

சிறுநீரக டாக்டர் எழுதிக் கொடுத்தார் என்று தோல் டாக்டரிடம் போனோம். சின்ன வயசு அம்மா, பொறுமைசாலி. நான் பத்தாவது பாஸ், அதுவும் எப்படியோ கரை ஒதுங்கியது. அதனால் கேள்வி கேட்க எனக்கு வெட்கமே கிடையாது. இந்த மரு எங்கிருந்து வந்தது, இத்தனை மாத்திரை தின்றும் ஏன் போகமாட்டேன் என்கிறது என்று கேட்டேன். மாத்திரை தின்பதால்தான் போகவில்லை என்றார். பிறகு படம் போட்டுக் காட்டினார்.

எனக்குப் புரிந்தவரை இது: தோலின் மேலடுக்கில் சில செல்கள் கிளை கிளையாகக் கை நீட்டிக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்திருக்கின்றன. எனக்கும் இருக்கிறதாம், எல்லாருக்கும் இருக்கிறதாம். வைரஸ் நுழைந்தால் அதில் ஒரு துணுக்கைப் பிய்த்துக்கொண்டு, அக்குள் கழுத்து என்று நெறிகட்டுகிற இடங்களுக்குப் போகும். அங்கே சண்டைக்கார வெள்ளை அணுக்கள் உட்கார்ந்திருக்கும். இந்த மூஞ்சியைப் பார்த்து வைத்துக்கொள் என்று அவற்றிடம் காட்டும். அடையாளம் பிடிபட்டதும் அவை பெருகி, ரத்தத்தில் ஏறி, சரியாக அந்த இடத்துக்கு வந்து, வைரஸ் குடிபுகுந்த செல்லைத் தேடிக் கொல்லும். வேலை முடிந்த பிறகும் சிலது ஊருக்குத் திரும்பாமல் அந்தத் தோலிலேயே தங்கிவிடும், மறுபடி வந்தால் பார்த்துக்கொள்ள.

ஆனால் மரு வைரஸ் பலே திருடன். ரத்தமே எட்டாத மேல்தோலிலேயே படுத்துக்கொள்கிறது. செல்லை உடைத்துச் சத்தம் போடுவதில்லை. தோல் உதிரும்போது அதோடு சேர்ந்து நடையைக் கட்டிவிடுகிறது. சாதாரண ஆளுக்கே காவலுக்கு விஷயம் தெரிய மாதக்கணக்காகுமாம். பாப்பாவுக்கோ அந்தச் சண்டைக்காரர்களைத்தான் மாத்திரை கொடுத்து அடக்கி வைத்திருக்கிறோம். “தகவல் போகுது சார். வர்றதுக்குத்தான் ஆளில்லை” என்றார்.

ஏன் அடக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். விட்டால் அதே ஆட்கள் என் சிறுநீரகத்தை அந்நியன் என்று நினைத்து அடித்துவிடுவார்கள். இருந்தாலும், “அப்பாவோடதுதானேம்மா, அடையாளம் தெரியாதா?” என்று கேட்டேன்.

“அதுங்களுக்கு அப்பனும் தெரியாது, ஆட்டுக்குட்டியும் தெரியாது சார்.”

பாப்பா லேசாகச் சிரித்தாள். பிறகு மருவின் மேல் திரவ நைட்ரஜனைப் பீய்ச்சி உறைய வைத்தார்கள். குளிர்தான் என் தொழில், ஆனால் அந்தக் குளிரைப் பார்க்க முடியாமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு சத்தம் போடவில்லை. கண்ணோரம் மட்டும் நனைந்தது. வேறு ஏதாவது தொந்தரவு இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். “ஒண்ணுமில்ல டாக்டர்” என்றாள். யார் கேட்டாலும் அவளிடம் இந்த ஒரு பதில்தான். தங்கமான பிள்ளை.

மாதம் ஒருமுறை வரவேண்டும், பொறுமை வேண்டும், மாத்திரை விஷயத்தில் சிறுநீரக டாக்டர் சொல்லாமல் கை வைக்கக்கூடாது. இவை மூன்றும் கட்டளை.

மார்ச் 14, வெள்ளி

கற்ற வித்தையை வீட்டில் அவிழ்த்துவிட்டேன். சாப்பிடும்போது என் வீட்டுக்காரிக்கும் பாப்பாவுக்கும் பாடம். மாத்திரை என்பது ஏசியின் குளிரைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட், மாத்திரை கூடினால் குளிர் கூடும். ரொம்பக் கீழே வைத்தால் வீடே விறைத்துப்போய்க் காவல்காரன் கம்பளிக்குள் படுத்துவிடுவான், திருடனுக்குக் கொண்டாட்டம். ரொம்ப மேலே வைத்தால் காவல்காரனுக்குச் சூடேறி, குடித்தனக்காரரையே அடித்துத் துரத்துவான். நடுவில் ரெண்டு புள்ளி தூக்கி வைத்தால் மரு போச்சு, குடித்தனக்காரரும் பத்திரம்.

“ரெண்டு புள்ளின்னா எவ்வளவுப்பா?” என்று பாப்பா கேட்டாள்.

ஆகா, பிள்ளை கவனிக்கிறது என்று பூரித்துப்போய், “அது மெக்கானிக்கோட கைப்பக்குவம்” என்றேன். அவள் அம்மா, “பாடம் நடத்துனது போதும், தட்டைக் கழுவுங்க” என்றாள்.

மார்ச் 22, சனி

பாப்பா முடி வெட்டக் கற்றுக்கொள்கிற பார்லரில் அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டு ஃபோன் அருகே உட்கார வைத்திருக்கிறார்களாம். அவள் சொல்லவில்லை. அவள் அம்மாதான் தையல் யூனிட்டிலிருந்து வரும் வழியில் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறாள். மற்ற பெண்கள் கத்திரியும் சீப்புமாக நிற்கிறார்கள், பாப்பா துண்டு மடித்துக்கொண்டு யாரோ அழைத்தால் நேரம் குறித்துக்கொள்கிறாள்.

கேட்டதற்கு, “ஒரு கஸ்டமர் கையைப் பார்த்துட்டு எழுந்து போயிட்டாங்கப்பா. மேடம் தப்பா ஒண்ணும் சொல்லல. கை சரியாகட்டும்னாங்க” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அந்த மேடத்தைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசினேன். “விடுங்கப்பா, எனக்கு என்ன குறை இப்ப” என்று எழுந்து போய்விட்டாள்.

டயாலிசிஸ் ஊசியோடு படுத்துக் கிடந்தபோது அவள் ஆசைப்பட்டது இந்தப் படிப்பைத்தான். வார்டில் ஒரு நர்ஸம்மாவுக்குப் பின்னல் போட்டுவிட்டுப் பத்து நிமிஷம் மூச்சு வாங்கினாள். இப்போது மூச்சு இருக்கிறது.

மார்ச் 24, திங்கள்

ஸ்க்ரூவிடம் புலம்பினேன். வாயிலிருந்த திருகாணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வைத்தியம் சொன்னான். காற்றுக்குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளி டேப்பை மருவின் மேல் ஒட்டி, வாரம் ஒருமுறை பிரித்து, ஊறவைத்துத் தேய்க்க வேண்டுமாம். அவன் மச்சானுக்குக் காலில் இருந்தது ஓடியே போச்சாம். வேலைக்கு நாம் வைத்திருக்கிற டேப். மருந்தை முதுகுப் பையில் சுமந்துகொண்டு உலகமெல்லாம் தேடியிருக்கிறேன்.

பாப்பா முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு இடது கைக்கு மட்டும் சரி என்றாள். வலது கையில் கத்திரி பிடிக்க வேண்டுமாம், வீட்டில் ஒரு பொம்மைத் தலையை வைத்துக்கொண்டு பழகுகிறாள். இடது கை விரல்களில் அழகாக வெட்டி ஒட்டினேன். குழாய்க்கு ஒட்டும்போதுகூட இத்தனை சிரத்தையாக ஒட்டியதில்லை.

ஏப்ரல் 2, புதன்

டேப் மாற்றினேன். மரு அப்படியே இருக்கிறது. ஓனர் டேப் ஏன் இத்தனை செலவாகிறது என்று கேட்டார்.

ஏப்ரல் 10, வியாழன்

மாதாந்தர ரத்தப் பரிசோதனை. தோல் டாக்டரம்மா லீவு, அடுத்த மாதம்தான் பார்க்க முடியுமாம். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. குடித்தனக்காரர் வாடகை பாக்கி இல்லாமல் இருக்கிறார் என்றேன். பாப்பா தலையாட்டினாள். வெயிலில் ரெண்டு பஸ் மாறி வந்ததில் எனக்குத்தான் கண் இருட்டியது.

ஏப்ரல் 19, சனி

சுண்டு விரலில் இருந்தது சின்னதாகிவிட்டது. சத்தியமாக. இவளைக் கூப்பிட்டு விளக்கைப் போட்டுக் காட்டினேன். “ஆமாங்க” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இவள் என்னிடம் ஒத்துக்கொண்டவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்று ஒன்று கூடியிருக்கிறது.

மே 4, ஞாயிறு

இடது கை சுத்தம். நகத்தோரம் ஒரு தழும்பு நிறம், அவ்வளவுதான். பாப்பா கையை விரித்துத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பல மாதத்துக்குப் பிறகு விரலை மடக்காமல் டீ கொடுத்தாள்.

நான் இனி ஏசி மெக்கானிக் இல்லை, டேப் வைத்தியர். எதிர் வீட்டு ஓட்டுநருக்குக் குதிகாலில் ஒன்று இருக்கிறது, அவருக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். டேப்பை எந்தக் கோணத்தில் வெட்ட வேண்டும் என்றுகூட விளக்கினேன். பாவம், கேட்டுக்கொண்டார்.

மே 7, புதன்

வேடிக்கை. வலது கையிலும் போய்விட்டது. அங்கே டேப்பே ஒட்டவில்லை. கட்டை விரலில் கொத்தாக இருந்த பெரியதுகூட உதிர்ந்து வழவழவென்று இருக்கிறது.

ஸ்க்ரூவிடம் சொன்னேன். டேப்பின் வீரியம் ரத்தத்தில் கலந்து மறு கைக்கும் போயிருக்கும் என்று இருவரும் ஒருமனதாக முடிவு செய்தோம். ரெண்டு பேரும் சேர்ந்தால் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு தேறாது.

பாப்பா திங்கட்கிழமையிலிருந்து மறுபடி கத்திரி பிடிக்கிறாளாம். மேடம் கையைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்களாம். ஆனால் முகம் கொஞ்சம் உப்பியிருக்கிறது, தூக்கமில்லையோ என்னவோ. கேட்டேன். ஒண்ணுமில்ல என்றாள்.

மே 13, செவ்வாய்

பெருமையடித்துக்கொள்ளத்தான் போனேன். மாலை மரியாதை ஒன்றுதான் எதிர்பார்க்கவில்லை.

தோல் டாக்டரம்மா பாப்பாவின் இடது கையைப் பார்த்தார். வலது கையைப் பார்த்தார். நான் டேப் கதையை விஸ்தாரமாகச் சொன்னேன். “எந்தக் கையில ஒட்டினீங்க?” என்று கேட்டார். இடது என்றேன். “வலதுலயும் போயிருக்கே” என்றார். வீரியம் ரத்தத்தில்— என்று ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பாப்பாவின் கணுக்காலை விரலால் அழுத்தினார். குழி விழுந்து, அப்படியே இருந்தது.

ஃபோனை எடுத்துச் சிறுநீரக டாக்டரிடம் பேசினார். அதில் ஒரு வரி எனக்குக் காதில் விழுந்தது. “ரெண்டு கையிலயும் மொத்தமா க்ளியர் ஆயிருக்கு சார். எனக்குப் பிடிக்கல.”

மரு போனது ஒரு டாக்டருக்குப் பிடிக்கவில்லை. அந்த நிமிஷத்திலும் எனக்குப் புரியவில்லை. நம்ம வைத்தியம் பலித்ததில் அவருக்குப் பொறாமை என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார்கள்.

மே 14, புதன்

கிரியாட்டினின் இரண்டு மடங்கு. ரத்தத்தில் அந்தக் கழிவு ஏறினால் சிறுநீரகம் வடிகட்டவில்லை என்று அர்த்தம். அட்மிட் பண்ணிவிட்டார்கள். வயிற்றில் ஊசி விட்டு என் சிறுநீரகத்திலிருந்து நூலளவு சதை எடுத்தார்கள். என்னுடையது என்று எழுதுகிறேன். அவளுடையது.

சிறுநீரக டாக்டர் பெரியவர், அதட்டமாட்டார். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று மட்டும் கேட்டார். ஒரு வேளை தவறாது சார் என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அலாரம் வைத்திருக்கிறோம் என்றேன். அவர் பாப்பாவைப் பார்த்தார். பாப்பா ஜன்னலைப் பார்த்தாள்.

மே 15, வியாழன்

இவள் டீ வாங்கக் கீழே போயிருந்தாள். கட்டிலருகே ஸ்டூலில் நான். பாப்பா கண்ணை மூடியிருந்தாள், தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

“அப்பா, சாயங்கால மாத்திரையை நான் போடல.”

எந்தச் சாயங்காலம் என்று கேட்டேன். முட்டாள் கேள்வி.

“தோல் டாக்டர்கிட்ட போயிட்டு வந்ததுலேருந்து. முதல்ல ஒருநாள் விட்டு ஒருநாள். பார்லர்ல ஃபோன்கிட்ட உக்கார வெச்சப்புறம் தினமும். டெஸ்ட் வரப்போகுதுன்னா நாலைஞ்சு நாள் முன்னாடி ஒழுங்கா போட்டுடுவேன்.” போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, “ரெண்டு புள்ளி தூக்கினா போதும்னு நீங்கதானேப்பா சொன்னீங்க” என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. கணக்குத் தப்பிவிட்டது என்று சொல்கிற குரல்.

டாக்டரிடம் சொல்லியிருக்கலாமே, வேறு வழி பார்த்திருப்பாரே, என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

“உங்ககிட்டயா?” கண்ணைத் திறந்தாள். “உடம்பைக் கீறி எடுத்துக் குடுத்துட்டு, தினம் காலையில சிரிச்சுக்கிட்டே குடித்தனக்காரர் எப்படின்னு கேப்பீங்க. அந்த மூஞ்சியைப் பார்த்து, மரு அசிங்கமா இருக்கு, எனக்கு இந்த மாத்திரை வேணாம்னு சொல்றதா?”

சும்மா சிரிக்கத்தானே கேட்டேன். அவ சிரிக்கணும்னுதானே. தினமும் நல்லா இருக்கார்னு சொன்னாளே, நானும் நல்லா இருக்கார்னு நம்பினேனே. அவ எப்படி இருக்கான்னு ஒரு நாளாவது— ஒரு நாளாவது கேட்டேனா?

இவள் டீயோடு வந்தாள். எங்கள் ரெண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். டீயை ஆற்றிக் கொடுத்தாள்.

மே 16, வெள்ளி

டாக்டரிடம் நானே சொல்கிறேன் என்றேன். வேண்டாம், நான் சொல்கிறேன் என்றாள் பாப்பா. அவளே சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. ஊசிச் சதையில் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. வெள்ளை அணுக்கள் சிறுநீரகத்துக்குள் கூட்டமாகப் புகுந்திருக்கின்றனவாம். “நல்லவேளை, அந்தம்மா கையைப் பார்த்தாங்க” என்றார். இன்னும் சில வாரம் போயிருந்தால் ரத்தப் பரிசோதனையில் தெரிந்தும் பிரயோஜனமில்லையாம்.

பெரிய டோஸில் மருந்து, நரம்பில் சொட்டுச் சொட்டாக. காப்பாற்ற முடியுமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். டாக்டர் வாயிலிருந்து வருகிற பார்க்கலாம் இருக்கிறதே, அதை நான் கஸ்டமரிடம் கம்ப்ரஸர் போய்விட்டது என்று தெரிந்துகொண்டே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

மே 17, சனி

வார்டுக்கு வெளியே பெஞ்ச். இவளும் நானும். இவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் கொஞ்சம் பாரம் இறங்கும். திட்டவில்லை. “சாப்பிட்டீங்களா?” என்றாள். இல்லை என்றேன். “நானும் இல்ல” என்றாள். அப்படியே உட்கார்ந்திருந்தோம், யாரும் எழுந்திருக்கவில்லை.

எனக்கு இதுதான் திரும்பத் திரும்ப ஓடுகிறது. ஏப்ரல் முழுக்க நான் விளக்கைப் போட்டு, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, மரு சுருங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அப்போது அவள் தோலில் நடந்தது சரியான வேலைதான். காவல் கண்டுபிடித்தது, தகவல் போனது, ஆட்கள் எழுந்தார்கள், விரல் விரலாக வந்து திருடனை வெளுத்தார்கள். ஒரு குறை சொல்ல முடியாது. வெளுத்துவிட்டு அதே ஆட்கள், அதே ரத்தத்தில், ரெண்டு சாண் கீழே போய் என்னையும் பார்த்தார்கள். இவன் யார்? தெரியாத மூஞ்சி. அடி. அவர்கள் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவர்கள் வேலையைத்தான் பார்த்தார்கள். என் வேலையை நான்தான் பார்க்கவில்லை.

வலது கையில் நான் டேப் ஒட்டவில்லை. வலது கையிலும் போய்விட்டது. ஒரு கையில் மட்டும் போயிருந்தால் டேப். ரெண்டிலும் போனால் வேறு ஏதோ. சின்னப் பிள்ளைக்குத் தெரிகிற விஷயம். ரெண்டு ஏசி ஒரே நேரத்தில் நின்றால் ஏசியைக் கழற்றமாட்டேன், மெயின் சுவிட்சைத்தான் பார்ப்பேன். பிள்ளை விஷயத்தில் மட்டும் டேப்பைக் கொண்டாடிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மே 18, ஞாயிறு

சிறுநீர் கொஞ்சம் கூடியிருக்கிறது. கொஞ்சம்தான். ஸ்க்ரூ வந்தான். வாயில் திருகாணி இல்லாமல் அவன் முகம் யாரோ மாதிரி இருந்தது. என் வேலையையும் சேர்த்து அவனே பார்த்துக்கொள்கிறானாம், ஓனருக்குத் தெரியாதாம். “நான்தான்ணே டேப்பைச் சொன்னேன்” என்றான். டேப் ஒன்றும் செய்யவில்லைடா, அதுதான் சமாச்சாரமே என்றேன். புரிந்ததோ இல்லையோ, போகும்போது பாப்பாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

மே 21, புதன்

கிரியாட்டினின் இறங்குகிறது. டாக்டர் முகத்தில் “பார்க்கலாம்” போய், “சரி” வந்திருக்கிறது.

ஆனால் பழைய அளவுக்கு வராதாம். கொஞ்சப் பகுதி தழும்பாகிவிட்டதாம். மீதி வேலை செய்யும். பத்து வருஷம் வரும் என்று நினைத்தது எட்டு வருமா, ஆறு வருமா, யாராலும் சொல்ல முடியாது என்றார். பாப்பா கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். பாதத்தில் வீக்கம் வடிந்திருந்தது, எலும்பு கைக்கு அகப்பட்டது.

மாற்றிப் போட ஒரு மாத்திரை இருக்கிறதாம். அதில் மரு அதிகம் வராதாம். எல்லாருக்கும் ஒத்துவராது, புண் ஆறுவதும் தாமதமாகும், ஆனாலும் சில மாதம் கழித்து, சிறுநீரகம் அடங்கியபின் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கலாமாம். “முன்னாடியே சொல்லியிருந்தா அப்பவே யோசிச்சிருப்பேனேம்மா. மரு இவ்வளவு தொந்தரவா இருந்துச்சுன்னு நீ ஒரு தடவைகூடச் சொல்லலையே” என்றார்.

அவள் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். நானும்தான்.

மே 29, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். மாத்திரை டோஸ் முன்னைவிடக் கூட. வீடு பெருக்காமல் கிடக்கிறது. பெருக்கினேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

மே 30, வெள்ளி

காலையில் வாய் வரை வந்துவிட்டது, குடித்தனக்காரர் என்று. விழுங்கினேன். “எப்படி இருக்க பாப்பா?” என்றேன். இருபது வருஷத்தில் அந்தக் கேள்வியை இத்தனை கஷ்டப்பட்டுக் கேட்டதில்லை.

“நல்லா இருக்கேன்ப்பா.”

பழைய பதில்தான். ஒரே நாளில் மாறுமா என்ன.

ஜூன் 8, ஞாயிறு

இன்றும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “கை நடுங்குதுப்பா, மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்கு. டம்ளரைப் பிடிக்க முடியல” என்றாள். ஐயோ என்று பதறாமல் இருக்க ரொம்பப் பாடுபட்டேன். டாக்டரிடம் சொல்லலாமா என்றேன். “சொல்லலாம்” என்றாள்.

இவள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பிறகு என்னிடம், “இப்பதான் நீங்க வாயை மூடக் கத்துக்கிட்டீங்க” என்றாள். பாராட்டுதான்.

ஜூன் 24, செவ்வாய்

பாப்பா பார்லருக்குப் போய் மேடத்திடம் முழுக்கதையையும் சொல்லியிருக்கிறாள். சிறுநீரகம், மாத்திரை, மறுபடி மரு வரும் என்பது உட்பட. துணைக்கு வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். மேடம் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பிறகு, தலைக்குச் சாயம் பூசும்போது எல்லாரும் கையுறை போட்டுத்தானே செய்கிறோம், அதை முழுசாகக் கற்றுக்கொள், வெட்டுகிறதைப் பிறகு பார்ப்போம் என்றாராம்.

அன்று அந்த மேடத்தைப் பற்றி நான் பேசிய ரெண்டு வார்த்தையையும் இன்று திருப்பி எடுத்துக்கொண்டேன், மனசுக்குள்.

ஜூலை 17, வியாழன்

பதினோராவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. எழுதுவதற்குக் கையில் தெம்பில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாதாந்தர டாக்டர் நாள். கிரியாட்டினின் அங்கேயே நிற்கிறது, ஏறவுமில்லை இறங்கவுமில்லை. அடுத்த மாதம் புது மாத்திரையை ஆரம்பிக்கிறார்கள்.

டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார், வேறு ஏதாவது தொந்தரவு இருக்காம்மா என்று. பாப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கை நடுக்கத்தில் ஆரம்பித்தாள். முடி கொட்டுகிறது, முகம் உருண்டையாகிவிட்டது, ராத்திரி தூக்கம் வரமாட்டேன் என்கிறது, சாயத்தின் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். நடுவில் பாப்பா திரும்பி, “அப்பா, நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்களேன், இன்னும் இருக்கு” என்றாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது, என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. அடுத்து உள்ளே போகவேண்டியவர் ரெண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். காலையில் ரெண்டு இடத்தில் ஏணி ஏறியிருந்தேன். அப்படியே கண்ணசந்துவிட்டது.

தோளைத் தட்டி எழுப்பினாள். படிக்கட்டில் இறங்கும்போது வலது கையை என் மூக்கருகே நீட்டினாள். ஆள்காட்டி விரலில் ஒன்று, கட்டை விரலில் ஒன்று, கடுகளவு, சொரசொரவென்று.

“திரும்ப வந்துடுச்சு.”

காவல் அடங்கியிருக்கிறது என்று அர்த்தம். என் வாய் சும்மா இருக்குமா. “நல்லது” என்றேன்.

படியிலேயே நின்றுவிட்டாள். “நல்லதா? உங்க கையில வந்தா தெரியும்.”

பஸ் நிறுத்தம் வரை அதையே சொல்லித் திட்டிக்கொண்டு வந்தாள். நான் குறுக்கே பேசவில்லை.